பீட்டர் கேஸை நேரில் கேட்டவர்கள் எழுதுங்கள்

கடைசி வரிசை:

அமெரிக்கப் பாடகர் கேஸ் முன்பு பாடிய ராக் பேண்டுகளான நர்வ்ஸ், ப்ளிம்சோல்ஸ் பற்றியெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும், நேராக அவர் தனியாகப் பாடிய கச்சேரிக்கு வருகிறேன். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு சின்ன அரங்கு. டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது. ஒரு மனிதர், ஒரு பன்னிரண்டு தந்தி கிடார், அவ்வளவுதான். ஆரம்பத்தில் எல்லாம் ப்ளூஸும் கதைப் பாடல்களும். அப்புறம் ப்ளிம்சோல்ஸின் 'எ மில்லியன் மைல்ஸ் அவே' வந்தது.

1982 பதிவில் அந்தத் தொடக்க மெட்டுக்குப் பின்னால் ஒரு முழு பேண்ட் ஓடி வரும். பாட்டின் வேகத்திலேயே பாதி சோகம் மறைந்துவிடும். இங்கே மறைக்க எதுவும் இல்லை. தொலைந்துபோன ஒருவன் பாடுகிற பாட்டு இது என்று அன்றுதான் காதில் விழுந்தது. எனக்கு முன்வரிசையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், தனக்கு முன்னால் இருந்த காலி நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பாட்டு முடியும் வரை விடவே இல்லை. முடிந்ததும் கை தட்டக்கூட இல்லை, அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, கைகள் மட்டும்தான் தெரிந்தன.

எது உறுத்துகிறது என்றால், முதலில் ப்ளிம்சோல்ஸே சின்ன அளவில் சொந்தமாக வெளியிட்ட சிங்கிள் அது. அடுத்த வருடம் 'வேலி கேர்ள்' படத்தில் அந்த பேண்டே மேடையில் தோன்றியது. பெரிய லேபிள் (பாட்டுகளை வெளியிடும் நிறுவனம்) வந்தது. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இப்போது அதே பாட்டைத் தனி ஆளாகச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போகிறார். இதை வெற்றி என்று சொல்வதா, இழப்பு என்று சொல்வதா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நேரடி ஒலி:

இழப்புதான். நான் தொண்ணூறுகளில் லாஸ் ஏஞ்சலஸில் படித்துக்கொண்டிருந்தபோது ப்ளிம்சோல்ஸ் மறுபடி சேர்ந்து வாசித்தார்கள். டிரம்ஸில் யார் தெரியுமா? ப்ளாண்டி என்ற பிரபல பேண்டின் க்ளெம் பர்க். நர்வ்ஸின் பாட்டை ப்ளாண்டி ஊரறியச் செய்தபோது அதில் டிரம்ஸ் வாசித்த அதே கைகள். நான் மேடைக்கு அருகில் நின்றேன். முதல் மெட்டு முடிந்து டிரம்ஸ் உள்ளே வந்த அந்த நொடியில் என் பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த பியர் முழுக்க என் சட்டையில். இரண்டு பேருமே குனிந்து பார்க்கவில்லை. இன்றைக்கும் அந்த நொடியை நினைத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அப்படி ஒரு சத்தத்தை உருவாக்கிய கேஸ் 1986-ல் அதை வைத்துவிட்டு ஹார்மோனிகாவும் கையுமாகக் கதை சொல்லப் போனார். டி போன் பர்னெட், மிட்செல் ஃப்ரூம் என்று நல்ல தயாரிப்பாளர்கள் இருந்தார்கள், 'ஓல்ட் புளூ கார்' பாட்டுக்கு கிராமி பரிந்துரையும் வந்தது, சரி. ஆனால் பவர் பாப், அதாவது இனிமையான மெட்டைச் சத்தமான கிடாரில் போடுகிற ராக் வகை, ஒரு பெரிய பாட்டுக்காரரை இழந்தது. அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

வினைல் விரும்பி:

நேரடி ஒலி, அவர் எங்கேயும் போகவில்லை, வந்த இடத்துக்குத்தான் திரும்பினார். 1973-ல் நியூயார்க் மாநிலத்திலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ வந்து தெருவில் பாடிப் பிழைத்தவர் அவர். ப்ளூஸும் நாட்டுப்பாடலும் பேண்டுக்கு முந்தியவை. 1989-ல் வந்த ஆல்பத்தில் 'என்டெல்லா ஹோட்டல்' கேளுங்கள், அந்த ஊரின் மலிவு விடுதி வாழ்க்கை முழுக்க அதில் இருக்கிறது.

என் அனுபவம் அவரோடு அல்ல, அந்த முதல் ரெக்கார்டோடு. லண்டனில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடை. நர்வ்ஸ் 1976-ல் தாங்களே வெளியிட்டார்களே, நான்கு பாட்டு இருக்கும் சின்னத் தட்டு, அதன் மறுபதிப்பைக் கடைக்காரர் போட்டார். 'ஹேங்கிங் ஆன் தி டெலிஃபோன்'. ப்ளாண்டி பதிவில் தொலைபேசி மணி அடித்துத் தொடங்கும். இதில் மணி கிடையாது, மூன்று பேர் வாசித்த பாட்டு, ஒட்டுப்பூச்சு எதுவும் இல்லை. பெட்டிகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையைத் தூக்கி, "யாருப்பா இது, ப்ளாண்டியைக் காப்பியடிக்கிறது?" என்று கேட்டார். கடைக்காரர் பதில் சொல்லாமல் அட்டையைத் தூக்கி, அதில் இருந்த வருடத்தைக் காட்டினார். ப்ளாண்டி அதைப் பாடியது 1978-ல். பெரியவர் அட்டையை வாங்கி வெகுநேரம் படித்தார், பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வேறு ஏதோ வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

இங்கேயே சிலர் குழப்பிக்கொள்வதால் இதையும் எழுதுகிறேன். அந்தப் பாட்டு கேஸ் எழுதியது அல்ல, ஜாக் லீ எழுதியது. அந்தத் தட்டில் கேஸின் பாட்டு 'வென் யூ ஃபைண்ட் அவுட்'. பிரிட்டனில் ப்ளாண்டியின் பதிவு ஐந்தாம் இடம் வரை ஏறியது. லீயின் இன்னொரு பாட்டை 1983-ல் பால் யங் பாடி, அதுவும் ஹிட். மூன்றாமவர் பால் காலின்ஸ் தன் பெயரிலேயே ஒரு பேண்டை நடத்தினார். மூன்று பாட்டுக்காரர்கள் ஒரே பேண்டில் இருந்தும் அவர்களுக்கு ஒரு லேபிள் கிடைக்கவில்லை, 1977-ல் தாங்களே ஏற்பாடு செய்து காரில் நாடு முழுக்கச் சுற்றினார்கள். எனக்கு அந்தப் பயணம்தான் பிரமிப்பு.

ஆஸ்டின்வாசி:

வெற்றியா இழப்பா என்ற பேச்சு வந்தாலே எனக்கு 2010 மார்ச்தான் நினைவுக்கு வரும். எங்கள் ஊர் இசை விழா வாரம். அலெக்ஸ் சில்டனின் பிக் ஸ்டார் பேண்ட் சனிக்கிழமை வாசிப்பதாக இருந்தது. புதன்கிழமை, மார்ச் 17, நியூ ஆர்லியன்ஸில் சில்டன் மாரடைப்பில் போய்விட்டார் என்று செய்தி. அவருக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது. அமெரிக்காவில் பவர் பாப் என்றாலே 1972-ல் மெம்ஃபிஸில் அவர்கள் போட்ட முதல் ஆல்பத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்குவோம், அந்த மனிதருக்கு இந்த நிலை.

அன்றிரவு ஆஸ்டினின் ஆறாம் தெருவில் கூட்டம் நெருக்கியடித்தது. ஓரமாக ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, தரையில் உட்கார்ந்து பிக் ஸ்டாரின் 'தர்ட்டீன்' பாட்டை வாசித்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்து பாடவில்லை, கிடார் மட்டும். எல்லாப் பக்கமும் ஒலிபெருக்கி அலறுகிறது, குனிந்தால்தான் கேட்கும். ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். விழா அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்ட பெரிய மனிதர்கள் உட்பட. அந்தப் பையன் யார், பிறகு என்ன ஆனான் என்று யோசிக்காமல் ஒரு மார்ச் மாதம்கூடப் போனதில்லை. சனிக்கிழமை கச்சேரி அஞ்சலியாக நடந்தது.

அதற்கு முந்தைய வருடம்தான் பீட்டர் கேஸுக்கு அவசர இதய அறுவை சிகிச்சை. அவருக்கும் காப்பீடு இல்லை. சக கலைஞர்கள் கச்சேரி நடத்திப் பணம் திரட்டினார்கள். அவர் பிழைத்து வந்து மறுவருடமே ஆல்பம் போட்டார். எனக்கு அது வெற்றிதான். உயிரோடு இருப்பதைவிட என்ன வேண்டும்?

கணக்குப் பிள்ளை:

ஒரு பாடகர் (பெயர் வேண்டாம், இதே வகைப் பாட்டுதான்) கச்சேரி முடிந்து மேசையில் தன் சிடிக்களோடு நின்றிருந்தார். எனக்கு முன்னால் இருந்தவர் அட்டையைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் ஸ்பாட்டிஃபையில் கேட்கிறேன் என்றார். பாடகர் சிரித்தபடி தலையாட்டினார். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாவிட்டால், 2024 முதல் அதன் பதிவுக்குப் பணமே கிடையாது. அமெரிக்காவில் சாதாரண ஏஎம், எஃப்எம் வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குப் பணம் போகும், பாடியவருக்கு ஒரு காசு வராது. இதனால்தான் ஜாக் லீயின் கதையும் மேடையில் நின்று பாடுபவர்களின் கதையும் வேறு வேறு. இணைய வானொலி, செயற்கைக்கோள் வானொலி என்றால் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும்: பதிவின் உரிமையாளருக்கு 50 சதவீதம், முதன்மைக் கலைஞருக்கு 45, உடன் வாசித்தவர்களுக்கு 5. சொந்தமாக வெளியிட்டவர் என்றால் முதல் இரண்டும் அவருக்கே. சிடி, வினைல் ஒவ்வொன்றுக்கும் பாட்டு எழுதியவருக்கான சட்டப்படியான தொகை ஒரு பாட்டுக்கு 9.1 சென்ட் என்று 2006-லிருந்து அப்படியே கிடந்தது, 2023-ல்தான் 12 சென்ட்டாக உயர்ந்தது.

நாம் செய்யக்கூடியது இதுதான். கச்சேரியிலேயே வாங்குங்கள், லேபிளும் கடையும் நடுவில் இல்லை. முடியாவிட்டால் கலைஞர்களே நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளம், டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம். பேண்ட்கேம்ப் வெள்ளி என்று அறிவிக்கிற நாளில் வாங்கினால் அந்தப் பங்கையும் எடுப்பதில்லை. வீட்டுக் கச்சேரி நடத்துங்கள், வசூலை முழுக்கப் பாடகருக்கே கொடுங்கள். இலவசமாகப் பாடச் சொல்லாதீர்கள். பழைய லேபிளில் மாட்டிக்கொண்ட பாட்டுகள் இருந்தால், அமெரிக்கச் சட்டப்படி 1978-க்குப் பின் எழுதிக்கொடுத்த உரிமையை 35 வருடம் கழித்துத் திரும்பக் கேட்கலாம், முன்கூட்டியே அறிவிப்பு அனுப்ப வேண்டும். தெரிந்த கலைஞர்கள் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

கட்டைவிரல்:

கணக்குப் பிள்ளை, நல்ல தகவல்தான், ஆனால் இது அனுபவம் எழுதுகிற இடம். தனி இழை போடுங்கள், நானும் வந்து படிக்கிறேன்.

நேரடி ஒலிக்கு என் பதில். சாண்டா மோனிகாவில் மெக்கேப்ஸ் கிடார் கடை இருக்கிறது, 1958-லிருந்து. பின்னறையில் கச்சேரி, நூற்றைம்பது பேர் உட்காரலாம், சுவர் முழுக்க கிடார் தொங்கும். அங்கே கேஸை மேடைக்குப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நான் பார்த்தது அவர் முகத்தை அல்ல, வலது கையை. கட்டைவிரல் பேஸ் தந்திகளில் அடித்துக்கொண்டே இருக்கிறது, ஒரு மணி நேரமானாலும் தளரவில்லை. மற்ற விரல்கள் அதன்மேல் மெட்டைப் போடுகின்றன. பழைய ப்ளூஸ் கலைஞர் மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் முறை அது. 2001-ல் ஹர்ட்டுக்கு அஞ்சலியாக வந்த 'அவலான் ப்ளூஸ்' தொகுப்பைத் தயாரித்ததே கேஸ்தானே.

என் சந்தேகம் அங்கேதான் தீர்ந்தது. நீங்கள் டிரம்ஸ் உள்ளே வந்த நொடியைச் சொன்னீர்கள். அந்த டிரம்ஸ் அந்தக் கட்டைவிரலில் இருந்தது. பவர் பாப் ஆளை நாம் இழக்கவில்லை. அவர் பேண்டைக் கைக்குள் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஜெஃபன் லேபிளில் இருந்த காலம் முடிந்ததும் 1993-ல் முழுக்கப் பழைய பாட்டுகளை வைத்து ஒரு ஆல்பம் போட்டாரே, அதையும் 2007-ல் யெப் ராக் லேபிள் வெளியிட்ட ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டாவதற்கு கிராமி பரிந்துரை கிடைத்தது, அதில் பெரும்பாலும் குரலும் கிடாரும்தான்.

நேரடி ஒலி:

கேட்டிருக்கிறேன். நல்ல ஆல்பங்கள். ஆனாலும் என் சட்டையில் பியர் கொட்டிய இரவை அவை கொடுக்கவில்லை. 2023-ல் வந்த 'டாக்டர் மோன்' கேட்டீர்களா, அதில் கிடாரைவிடப் பியானோதான் அதிகம். அப்படியானால் உங்கள் கட்டைவிரல் கணக்கு எங்கே போகிறது?

கட்டைவிரல்:

இடது கைக்குப் போகிறது. பியானோவின் பேஸ் பக்கத்தைக் கேளுங்கள்.

பஃபலோ பனி:

நான் பாட்டு வாசிப்பவள் அல்ல, கேஸ் பிறந்த ஊர்க்காரி மட்டும். சண்டைக்கு நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என் மகன் பதினேழு வயது, சொந்தமாக எழுதி இங்கே இரண்டு காபிக் கடைகளில் பாடுகிறான். போன மாதம் அவன் பாடும்போது போய் நின்றேன். மேசைகளில் எல்லோரும் மடிக்கணினியில் இருந்தார்கள். மூன்றாவது பாட்டில் ஒரு பெண் மட்டும் காதில் வைத்திருந்த இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டான், அடுத்த வரியில் குரல் மாறியது. பாட்டு முடிகிறவரை அவளுக்காகவே பாடினான். வீட்டுக்கு வந்தும் அதையேதான் பேசினான், கிடைத்த பதினெட்டு டாலரைப் பற்றிப் பேசவில்லை.

கணக்குப் பிள்ளை அண்ணா, நீங்கள் எழுதியது எனக்கு வேண்டியிருந்தது. அவன் இப்போதே எங்காவது பதிவு செய்துகொள்ள வேண்டுமா?

கணக்குப் பிள்ளை:

செய்யலாம் அம்மா. பாட்டு எழுதுவோருக்கான பணத்தை வசூலித்துக் கொடுக்கும் அமைப்புகளான ஆஸ்கேப், பிஎம்ஐ இரண்டில் ஒன்றில் பாடலாசிரியராகச் சேர வேண்டும், பாட்டுகளைப் பதிய வேண்டும். சின்ன இடங்களில் பாடுவோருக்கென்றே ஆஸ்கேப்பில் 'ஆன்ஸ்டேஜ்', பிஎம்ஐயில் 'லைவ்' என்று வசதி இருக்கிறது. எந்தத் தேதியில், எந்தக் கடையில், எந்தெந்தச் சொந்தப் பாட்டைப் பாடினான் என்று பதிந்தால் பணம் வரும். அந்தக் கடை உரிமக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும், அதை முதலில் விசாரியுங்கள். வயது பதினெட்டு ஆகவில்லை என்பதால் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.