‘அல்காரிதமிக் மேனேஜ்மென்ட்’: படிமுறைவழி மேலாண்மை எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மேலாளரின் வேலையை மென்பொருளிடம் ஒப்படைத்துத் தொழிலாளரை நடத்துவதைக் குறிக்கும் ‘அல்காரிதமிக் மேனேஜ்மென்ட்’ என்பதற்கு ‘நெறிமுறை மேலாண்மை’, ‘கங்காணம்’ என இரண்டு சொற்கள் முன்மொழியப்பட்டிருக்கின்றன. முதலாவதை ஏற்கத் தயங்குகிறேன். தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினிப் பாடநூல்கள் அல்காரிதத்தை (கணினி படிப்படியாகப் பின்பற்றும் விதிகளை) நெறிமுறை என்றே வழங்குகின்றன. ஆனால் வகுப்பறைக்கு வெளியே அச்சொல் அறத்தையே நினைவூட்டுகிறது. யாருக்கு எந்த ஆர்டர், அதற்கு என்ன கூலி, யாருடைய ஐடியை (செயலிக் கணக்கை) நிறுத்துவது என்பதையெல்லாம் மென்பொருளிடம் விட்டுவிட்ட ஒரு நிறுவனத்தைத் தொழிற்சங்கத் துண்டறிக்கை ‘நெறிமுறை மேலாண்மை’ என்று குறிப்பிட்டால், அது குற்றச்சாட்டாக அல்ல, நற்சான்றிதழாகவே வாசிக்கப்படும்.

ஆகவே அல்காரிதத்துக்குப் ‘படிமுறை’ என்பதை எடுத்துக்கொள்கிறேன். எனினும் ‘படிமுறை மேலாண்மை’ என்று நிறுத்திக்கொள்வதிலும் இடர் உண்டு. நீர் மேலாண்மை என்றால் நீரை மேலாளுதல். கழிவு மேலாண்மை, பேரிடர் மேலாண்மை ஆகியவையும் அப்படியே இரண்டாம் வேற்றுமைத் தொகைகள். அந்தப் பழக்கத்தில் ‘படிமுறை மேலாண்மை’யைப் படிப்பவர், படிமுறைகளை யாரோ மேலாளுகிறார்கள் என்றே கொள்வார். இங்கே மேலாளப்படுவது மனிதர். படிமுறை வெறும் கருவி. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் ஊபர், லிஃப்ட் ஆகிய வாடகைக் கார் செயலிகளின் ஓட்டுநர்களிடம் பேசி எழுதிய கட்டுரையில் இத்தொடரைக் கையாண்டபோதும் இந்தப் பொருளையே கருதினார்கள்.

அதனால் என் பரிந்துரை ‘படிமுறைவழி மேலாண்மை’ என்பது. இலங்கை வழக்கில் ‘படிமுறைவழி முகாமைத்துவம்’ என்று ஆளலாம். ‘வழி’ என்ற சிறு சொல், கருவி ஒன்று உண்டென்றால் அதைக் கையாள்பவரும் ஒருவர் உண்டு என்பதை மறக்கவிடாது. இது வெறும் இலக்கண நுணுக்கம் அன்று. ‘சிஸ்டம் எடுத்த முடிவு, எங்கள் கையில் இல்லை’ என்பதுதான் தொழிலாளி முதலில் கேட்கும் பதில். ஊபர் ஓட்டுநர்களின் கணக்குகள் நிறுத்தப்பட்ட வழக்கில் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்த ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம், அம்முடிவுகளில் மனிதத் தலையீடு இருந்தது என்ற வாதத்தை ஏற்கவில்லை. இருந்த தலையீடு பெயரளவிலானதே என்று கண்டது. 2024இல் நிறைவேறிய ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத்தள வேலை பற்றிய நெறியுறுத்தமும் (டைரக்டிவ்) கணக்கை இடைநிறுத்துவதோ முடிப்பதோ மனிதர் எடுக்கும் முடிவாக இருக்கவேண்டும் என்கிறது. பொறுப்பாளியை மறைக்கும் சொல்லைக் கொண்டு இத்தகைய சட்டங்களைத் தமிழாக்க முடியாது.

‘கங்காணம்’ என்ற யோசனை என்னையும் ஈர்த்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஊரிலிருந்து ஆள் பிடித்தார், தலைமேல் நின்று வேலை வாங்கினார், வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் தோட்டத்திடம் காசு பெற்றார். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான் (பாதி நாள் கூலிதான்) விழுந்தது. இன்று ஒரே ஓர் ஆர்டர் குறைந்ததால் அன்றைய இன்சென்டிவை இழப்பவருக்கு அரைப்பேரின் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் கங்காணிக்கு முகம் இருந்தது. பல வேளைகளில் அவர் சொந்தக்காரராகவும் இருந்தார். வைதோ கெஞ்சியோ பேசிப் பார்க்க இடம் இருந்தது. அந்த இடம் இல்லாமல் போனதே இப்புதிய ஏற்பாட்டின் இயல்பு என்பதால், கட்டுரைத் தலைப்புக்குப் பொருந்தும் அச்சொல் சட்டத்துக்குப் பொருந்தாது.

துணைச்சொற்களில் பெரும்பாலானவை எளியவை. தானியங்கு கண்காணிப்பு, தானியங்கு தீர்மானம் ஆகியவை போதும். இவ்விரண்டைப் பற்றியும் தொழிலாளிக்குத் தெரிவிக்கவேண்டும் என்று கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் செயலிவழித் தொழிலாளர் சட்டமும் விதித்திருப்பதால், இவை நமக்கு உடனடியாகத் தேவைப்படும்.

இடறுவது, தொழிலாளியின் செயலிக் கணக்கை நிறுவனம் நிறுத்துவதைக் குறிக்கும் ‘டீஆக்டிவேஷன்’ மட்டுமே. ஓட்டுபவர்கள் ‘ஐடி பிளாக்’ என்கிறார்கள். செய்தித்தாள்கள் எழுதும் ‘கணக்கு முடக்கம்’ வங்கியை நினைவூட்டுகிறதே தவிரப் பிழைப்பு போனதைச் சொல்லவில்லை. ‘செயலிவழிப் பணிநீக்கம்’ என்று எழுதவே எனக்கு விருப்பம். ஆயினும் பணிநீக்கம் என்றால் பணியுறவு இருந்ததாகிறது. ஸ்பெயின் 2021இல் உணவு விநியோகிப்பவர்களை ஊழியர்களாகவே கருதவேண்டும் என்று சட்டம் செய்ததால், அங்குள்ள நிலையை எழுதும்போது இச்சொல் பொருந்தும். இந்தியாவின் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்போ கிக் தொழிலாளரை (செயலிவழியாகவோ பிறவாறோ அவ்வப்போது கிடைக்கும் வேலையைச் செய்பவர்களை) மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே வைத்தே வரையறுக்கிறது. அந்தச் சட்டத்தைத் தமிழாக்கும்போது ‘பணிநீக்கம்’ என்று எழுதினால், மூலத்தில் இல்லாத உரிமையை மொழிபெயர்ப்பாளர் சேர்த்ததாகாதா? இதில் மட்டும் என்னால் முடிவுக்கு வர இயலவில்லை. தொழிலாளர் சட்டம் பயின்றவர்கள் சொல்லவேண்டும்.