1885இல் வீடு திரும்பியவளை எங்கே தேடுவது?

உல்சூர் லெட்ஜர்:
வங்கியில் முப்பது வருடம் லெட்ஜர் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கண்ணுக்கு வேலை கொடுக்கலாமே என்று, இங்கிலாந்தின் லங்காஷையரில் இருந்த பழைய மனநோயாளர் காப்பகம் ஒன்றின் பதிவேடுகளைத் தட்டச்சு செய்து கொடுக்கும் தன்னார்வலர்களோடு சேர்ந்தேன். சம்பளம் கிடையாது, கழுத்துவலி உண்டு.

அதில் ஒருத்தியிடம் மாட்டிக்கொண்டேன். வயது 24, பருத்தி ஆலையில் தறி ஓட்டியவள். 1884 டிசம்பரில், பிள்ளை பெற்ற மூன்றாவது வாரம், கொண்டுவந்து சேர்க்கிறார்கள். வியாதி ‘பியூர்பெரல் மேனியா’, அதாவது பிரசவத்தை ஒட்டி வரும் சித்தபிரமை. எங்கள் பாட்டி சூதக சன்னி என்பாளே, அதுதானோ? முதல் மாதம் வாராவாரம் குறிப்பு இருக்கிறது: தூக்கமில்லை, இரவு குளோரல் என்ற தூக்கமருந்து, பாலும் முட்டையும் ஊட்ட வேண்டியிருந்தது. அப்புறம் மாதத்துக்கு ஒரு வரி, அதுவும் ‘மாற்றமில்லை’. குழந்தையை நாத்தனார் தூக்கிப்போனதாக ஓரத்தில் பொடி எழுத்து. 1885 ஆகஸ்டில் ‘குணம்’ என்று போட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் என்ன ஆனாள்?

ஜெயநகர் வாசி:
அக்கா, ‘குணம்’ என்று போட்டதே நல்ல சேதி. அரைகுறையாகத் தேறியவர்களுக்கு ‘ரிலீவ்டு’ என்றுதான் எழுதுவார்கள். திரும்பவும் எங்காவது சேர்த்தார்களா என்று பார்க்க எம்.எச். 94 பதிவேடுகள் இருக்கின்றன. லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் வரிசை அது. 1846 முதல் 1912 வரையிலானது வம்சாவளி தேடும் ஆன்ஸெஸ்ட்ரி தளத்தில் கிடைக்கும். அடுத்தது 1891 மக்கள்தொகைக் கணக்கு. ஒன்று கவனம்: காப்பகத்தில் இருந்தவர்களைப் பல இடங்களில் முதலெழுத்து மட்டும் போட்டுக் கணக்கெடுத்திருப்பார்கள். வீட்டில் இருந்தால் முழுப்பெயர் வரும். புருஷன் பெயரில் தேடிப் பாருங்கள்.

மாரத்தஹள்ளி:
உங்களுக்கு ஓரக்குறிப்பாவது கிடைத்தது. ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்தில் மதராஸ் மாகாணக் காப்பகங்களின் ஆண்டறிக்கைகளைப் படித்தேன். கீழ்ப்பாக்கம், கோழிக்கோடு, விசாகப்பட்டினம் மூன்றும் வரும். சாதி, தொழில், ‘காரணம்: கஞ்சா’ என்று கட்டம் கட்டமாக எண்கள். ஆளைக் காணோம்.

டாக்டரம்மா:
சூதக சன்னி என்று எழுதாதீர்கள். பாட்டிகள் அதில் பிரசவக் காய்ச்சலையும் சேர்த்துச் சொல்வார்கள். பதிவேட்டுப் பெயரையே வையுங்கள்.

உல்சூர் லெட்ஜர்:
சரி டாக்டரம்மா, என் குறிப்பிலிருந்து சூதக சன்னியை நீக்கிவிட்டேன். 1891இல் ஆள் கிடைத்துவிட்டாள்! அதே ஊர், தொழில் பருத்தித் தறி. மூன்று வீடு தள்ளி நாத்தனார். இவள் வீட்டில் ஆறு வயதுப் பையன் ஒருவன், பள்ளிக்கூடம் போகிறானாம். எம்.எச். 94 நாளைக்குத்தான், கண் எரிகிறது.