புதிதாகச் சேர்த்த விளையாட்டு பில்டில் வரவில்லை, பிழையும் காட்டவில்லை. அவசரம்!

நான்காம்கட்டம்:
சைமன் டாதமின் கணினிப் புதிர் விளையாட்டுத் தொகுப்பில் சொந்தமாக ஒரு விளையாட்டு சேர்க்கிறேன். பில்டைத் தயார்செய்யும் சிமேக் ஓடுகிறது, நிரலைத் தொகுக்கும் மேக் (make) கட்டளையும் ஓடுகிறது, ஒரு எச்சரிக்கைகூட இல்லை, ஆனால் என் விளையாட்டு மட்டும் எங்கேயும் இல்லை. என்ன செய்வது?

சோலோப்பிரியை:
எந்த இயங்குதளம்? மற்ற விளையாட்டுகள் வருகின்றனவா? கோப்பை எங்கே வைத்தீர்கள்?

நிழல்பிட்:
சாளரங்களை வரையும் நூலகமான ஜிடிகே இல்லாமல் இருக்கும். விளையாட ஜிடிகே இருந்தால் போதும், பில்ட் செய்ய அதன் டெவலப்மெண்ட் பொதியும் வேண்டும். பாதிப் பேருக்கு இதுதான் பிரச்சினை.

நான்காம்கட்டம்:
லினக்ஸ். மற்றதெல்லாம் வருகிறது, சோலோ, மைன்ஸ் எல்லாம் ஓடுகிறது. புது விளையாட்டுக்கு மாதிரியாகத் தரப்படும் வெற்றுக் கோப்பான நல்கேமை நகலெடுத்துப் பெயர் மாற்றி அதே கோப்புறையில் வைத்தேன்.

நிழல்பிட்:
அப்படியானால் முந்தைய பில்டில் சேமித்த பழைய கேஷ். பில்ட் கோப்புறையை மொத்தமாக அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டுங்கள்.

பழையகை:
எதையும் அழிக்க வேண்டாம். மூலக்கோப்புகளோடு வரும் டெவலப்பர் ஆவணத்தைப் படித்துவிட்டுக் கேட்டிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. சி கோப்பைப் போட்டுவிட்டால் சிமேக் தானாகத் தேடி எடுத்துக்கொள்ளும் என்று யார் சொன்னது? சிமேக்லிஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள், ஒவ்வொரு விளையாட்டுக்கும் பசில் என்று தொடங்கும் ஒரு பதிவு இருக்கும், காட்டும் பெயர், ஒரு வரி விளக்கம், ஆட்டத்தின் இலக்கு எல்லாம் அதில்தான். உங்களுடையது அங்கே இல்லை, அதனால் பிழையும் இல்லை.

சோலோப்பிரியை:
படித்தவர் அதை இதமாகவும் சொல்லலாமே. இன்னொன்றும் பாருங்கள்: உங்கள் சி கோப்பின் இறுதிப் பகுதியில் கம்பைண்ட் என்ற நிபந்தனைக்குள் தகேம் என்பதை நல்கேம் என்று மாற்றும் வரி இருக்கும், அங்கேயும் உங்கள் விளையாட்டின் பெயர் வர வேண்டும். லினக்ஸில் விளையாட்டுக்கு ஒரு நிரல் என்பதால் அதை மாற்றாவிட்டாலும் தெரியாது. ஆப்பிள் மேக் கணினியில் எல்லாம் ஒரே செயலி, அங்கே லிங்க் ஆகும்போது நிற்கும். அப்புறம், வந்ததும் ஒரே சீடை, அதாவது புதிரை உருவாக்கத் தரும் தொடக்க மதிப்பை, வைத்துச் சோதியுங்கள்.

பழையகை:
சீடை நம்பிச் சோதனை எழுதக் கூடாது. புதிரை உருவாக்கும் நிரலில் ஒரு வரி மாறினாலும் அதே சீட் வேறு புதிரைத் தரலாம். விளையாட்டின் அடையாளத்தில் (கேம் ஐடி) முக்காற்புள்ளிக்குப் பின் வரும் முழு விவரத்தைச் சேமித்து வையுங்கள், அதில் புதிரே இருக்கிறது.

நிழல்பிட்:
மைன்ஸில் முதல் கிளிக்குக்குப் பிறகுதானே கண்ணியே வைக்கப்படுகிறது, அதற்கு முன் விவரம் எங்கிருந்து வரும்?

பழையகை:
முதல் கிளிக் விழுந்த இடமும் விவரத்திலேயே சேர்ந்து வரும். எழுதிப் பார்த்தால் தெரியும்.

சோலோப்பிரியை:
விவரம் புதிரைச் சரியாகப் படிக்கிறதா என்பதைத்தான் சோதிக்கும். புதிர் உருவாக்கம் சோதிக்கப்பட வேண்டாமா? ஒரே விடை வருகிறதா என்பதில்தானே புது விளையாட்டுகள் தடுமாறும்.

பழையகை:
அதற்குப் பல சீடில் ஓட்டி, வந்த ஒவ்வொன்றையும் தீர்ப்பானிடம், அதாவது புதிரைத் தானே தீர்க்கும் நிரலிடம், கொடுக்க வேண்டும். ஒரே சீட் எதையும் நிரூபிக்காது.

நான்காம்கட்டம்:
பதிவைச் சேர்த்தேன், வந்துவிட்டது. நன்றி. தீர்ப்பான் இன்னும் எழுதவில்லை.