கோவை டு லண்டன், எட்டு பைக்: எதை முதலில் செய்வது?

கொங்குரைடர்:
நண்பர்களே வணக்கம். நாங்கள் எட்டுப் பேர், எல்லாம் கோவை, திருப்பூர் பக்கம். அடுத்த வருஷம் மே மாதம் பைக்கிலேயே லண்டன் போவதாகப் பேச்சு. ஐந்து பேரிடம் ஹிமாலயன் 450, இரண்டு பேரிடம் 390 அட்வென்ச்சர், ஒருவர் மட்டும் இன்டர்செப்டரை விடமாட்டேன் என்கிறார். லடாக், ஸ்பிட்டி எல்லாம் ஓட்டியவர்கள்தான். வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் எந்தப் பெட்டி, எந்த டயர் என்றுதான் சண்டை. யோசித்திருக்கும் வழி நேபாளம், திபெத், கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், காஸ்பியன் கடலைக் கப்பலில் தாண்டி அஜர்பைஜானின் பாகு, ஜார்ஜியா, துருக்கி, அப்புறம் ஐரோப்பா. எங்கிருந்து ஆரம்பிப்பது?

மேப்பும்_மையும்:
டயரை ஓரமாக வையுங்கள், உங்கள் வழியே பாகுவில் முட்டி நிற்கிறது. அஜர்பைஜான் 2020 மார்ச்சில் மூடிய தரை எல்லையைப் பயணிகளுக்கு இன்னும் திறக்கவில்லை, விமானத்தில்தான் போக முடியும். அதனால் இப்போது எல்லோரும் கஜகஸ்தானில் இருந்து ரஷ்யாவுக்குள் நுழைந்து, அஸ்த்ரகான் வழியாகக் கீழே இறங்கி, மேல் லார்ஸ் கணவாயில் ஜார்ஜியாவுக்கு ஏறுகிறார்கள். ரஷ்யா என்றால் இன்னொரு விஷயம், வெளிநாட்டு வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச்சில் இருந்து அங்கே வேலை செய்யாது, ரொக்கமாகத்தான் கொண்டு போக வேண்டும்.

விசா வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பல முறை நுழையும் ஷெங்கன் விசா, அதாவது பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குச் சேர்த்துக் கொடுக்கும் ஒரே விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்கலாம், ஆனால் அது கையில் இருந்தால் துருக்கி இ-விசா எளிது, ஜார்ஜியாவுக்குத் தனி விசாவே தேவைப்படாது. லண்டனுக்குத் தனி விசா, அது மூன்று மாதம் முன்பிருந்து. கஜகஸ்தானில் 14 நாள் விசா இல்லாமல் இருக்கலாம். ஆர்டிஓவில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் ஒரு வருஷத்துக்குத்தான், ரொம்ப முன்னாலேயே எடுத்துவிடாதீர்கள். சீனாவில் அது செல்லாது, அங்கே தற்காலிக உரிமம், தற்காலிக நம்பர் பிளேட், கூடவே வரும் வழிகாட்டி எல்லாம் ஏஜென்சி வழியாகத்தான். அந்தச் செலவை எட்டாகப் பிரிக்கலாம் என்பதுதான் கூட்டமாகப் போவதில் உள்ள பெரிய லாபம்.

நேபாள-திபெத் எல்லையில் இருந்த ரசுவாகடி பாலம் 2025 ஜூலை வெள்ளத்தில் அடித்துப் போனது. இப்போது எந்தப் பக்கம் வண்டியை விடுகிறார்கள் என்று ஏஜென்சியிடம் கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

பின்வரிசை:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், கூட்டப் பயணம் ரோட்டில் உடைவதைவிடப் பணத்திலும் லீவிலும்தான் அதிகம் உடைகிறது. சீன எல்லையில் நுழையும் தேதி அனுமதியிலேயே இருக்கும். ஒருவர் வண்டி காத்மாண்டுவில் படுத்துவிட்டால் மற்ற ஏழு பேர் காத்திருப்பார்களா, போய்விடுவார்களா? இதை இப்போதே பேசி எழுதி வையுங்கள், அங்கே நின்று பேசினால் நட்பு போய்விடும். பொதுப் பணம் ஒருவர் கையில், கணக்கு இன்னொருவர் கையில். எட்டு வண்டி பெட்ரோல் போட்டு, டீ குடித்து, ஒருவர் கையுறையைத் தேடி முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும், அதனால் தனியாக ஓட்டும் தூரத்தை வைத்துக் கணக்குப் போடவே கூடாது. நான்கு நான்காகப் பிரிந்து ஓட்டி இரவில் சேர்ந்துகொண்டால் பாதி சண்டை குறையும்.

திபெத்தில் 5,000 மீட்டருக்கு மேல் கணவாய்கள் வரும். லடாக்கில் தாங்கியது என்று விட்டுவிடாமல் டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், காப்பீட்டில் மீட்பு விமானச் செலவும் அடங்குகிறதா பாருங்கள்.

கருப்புக்கை_மெக்கானிக்:
வண்டியைப் பற்றி யாருமே பேசவில்லை, நான் பேசுகிறேன் :) ஐந்து 450 இருப்பது நல்லது. கிளட்ச் கேபிள், பிரேக் பேட், ஃபில்டர், டியூப் ஆகியவற்றை ஆளுக்கொன்றாகப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். இன்டர்செப்டர்காரர் தன் சாமானைத் தானே சுமக்கட்டும். உஸ்பெகிஸ்தானில் கார்கள் பெரும்பாலும் எரிவாயுவில் ஓடுவதால் பெட்ரோல் கிடைக்கும் பங்க்கைத் தேட வேண்டியிருக்கும், கிடைத்தாலும் பல இடங்களில் தரம் குறைந்த 80 ஆக்டேன் பெட்ரோல்தான். 450-யின் டேங்க் 17 லிட்டர், ஆனாலும் குங்கிராட் தாண்டினால் கஜகஸ்தானின் பெய்னியூ வரை பாலைவனம், ஆளுக்கு ஐந்து லிட்டர் கேன் கட்டாயம்.

கொங்குரைடர்:
ரொம்ப நன்றி. பாகு விஷயம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது! வண்டியை வரி கட்டாமல் வெளிநாடு கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் சுங்க ஆவணம் இருக்கிறதே, அந்தக் கார்னெட் கண்டிப்பாக வேண்டுமா?

மேப்பும்_மையும்:
இந்த வழியில் உள்ள பெரும்பாலான நாடுகள் எல்லையிலேயே தற்காலிக இறக்குமதிச் சீட்டு கொடுத்துவிடும். ஆனால் லண்டனில் இருந்து வண்டி கப்பலில் திரும்பும்போது நம் சுங்கத்தில் தொல்லை இருக்கக் கூடாது என்றால் எடுத்துவிடுங்கள். மும்பையில் வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் கொடுக்கிறது, வண்டி மதிப்பைப் பொறுத்து உத்தரவாதத் தொகை கேட்பார்கள். கார்னெட்டில் பதியும் நாடுகளில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் முத்திரை வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் அந்தப் பணம் முடங்கும். எட்டுப் பேரின் தாள்களையும் எல்லையில் சரிபார்க்க ஒருவரை இப்போதே நியமித்துவிடுங்கள், இன்டர்செப்டர்காரரே பொருத்தமான ஆள், பிடிவாதம் அங்கே உதவும்.