கியூம்ரிக்குத் தனியாகப் போகிறேன், போனவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அக்டோபரில் ஆர்மீனியா போகிறேன், தலைநகர் எரெவானை விட கியூம்ரி நகரத்தில்தான் அதிக நாள் தங்க ஆசை. கறுப்பும் சிவப்புமான எரிமலைக் கல்லில் கட்டிய 19ஆம் நூற்றாண்டு வீடுகள் குமைரி பழைய நகரப் பகுதியில் இன்னும் வரிசையாக நிற்கின்றன, 1988 டிசம்பர் பூகம்பம் ஊரையே நொறுக்கிப் போட்ட பிறகும். அந்தத் தெருக்களை வாகனம் எதுவும் இல்லாமல் நடந்தே பார்க்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

தனியாகப் போகும் பெண் நான். ஊர் நடுவில் இருக்கும் வர்தனாந்த்ஸ் சதுக்கத்தின் பக்கத்திலேயே அறை எடுத்தால் இரவு சாப்பிட்டுவிட்டு நடந்து திரும்பலாமா, தெருவிளக்கு போதுமா? கறுப்புக் கோட்டைக்கும் அன்னை ஆர்மீனியா சிலைக்கும் மாலையில் தனியே நடந்து போவது சரிப்படுமா, இல்லை காலையிலேயே முடித்துவிடுவது நல்லதா? எரெவானிலிருந்து ரயிலில் வர நினைக்கிறேன், டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டுமா? அப்புறம் ஹரிச்சாவாங்க் மடாலயத்துக்கு ஷேர் வேன் ஏதாவது உண்டா, டாக்சிதானா?

குளிரும் ஒரு கவலை. ஊர் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சென்னை ஸ்வெட்டர் தாங்குமா? சைவச் சாப்பாடு கிடைக்கும் இடம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். பெண்கள் யாராவது தனியாகப் போயிருந்தால் அவர்கள் சொல்வது எனக்கு ரொம்ப உதவும்.