பெயர்க் கவிதை: புள்ளி எழுத்தில் நிற்கிறோம், வழி சொல்லுங்கள்

நான்காம் வகுப்பு, தமிழ்வழி, 32 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை. சீட்டு குலுக்கிப் போட்டு, யார் பெயர் வருகிறதோ அவருடைய நற்குணங்களை, பெயரின் ஒவ்வோர் எழுத்திலும் ஒரு வரி தொடங்கும்படி, வரிசையாக எழுத வேண்டும்.

மலர்விழிக்கு 'மன்னிப்பாள்', 'விட்டுக்கொடுப்பாள்' கிடைத்தது. ல, ர், ழி அப்படியே நிற்கின்றன. கண்ணன் பாடு இன்னும் மோசம்: க தவிர எதுவும் சொல்லுக்கு முதலில் வராது.

புள்ளி எழுத்தை விட்டுப் பார்த்தோம். ண, ழ மாட்டிக்கொண்டன. ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னால் எல்லாருக்கும் 'நைஸ்', 'குட்' தான். கரும்பலகையில் குணச்சொல் பட்டியல் போட்டால் ஒரே சொல் பத்துத் தாளில் வருகிறது. எழுத்து வரியின் நடுவில் வரலாம் என்றோம் ('உண்மை சொன்னான்' என்பதில் ண், சிவப்பு ஸ்கெட்சில்). ன் எளிது, 'கொடுத்தான்' என்று வரிக்கடைசியில் தானே வந்துவிடும். ஆனால் எழுத்தைத் தேடுவதில் குணம் தொலைகிறது: 'கண் அழகு', 'வெண்டைக்காய் பிடிக்கும்'.

முதலில் பெயரை மறந்து, அந்தப் பிள்ளை செய்த மூன்று நல்ல காரியங்களை எழுதவைத்தால் வரிகள் உயிரோடு வருகின்றன: 'பென்சில் இல்லாதவனுக்குத் தன்னுடையதை ஒடித்துக் கொடுத்தான்'. அதைப் பெயருக்குள் அடக்கும்போதுதான் பாடவேளை முடிந்துவிடுகிறது.

இந்த வயதுப் பிள்ளைகளிடம், செய்த காரியம் சிதையாமல் அதைப் பெயரெழுத்தில் பொருத்த, உங்கள் வகுப்பில் பலித்த முறை எது?