தீர்த்தமலைப் படிகளும் இதயத் தமனிகளும்

அரூரிலிருந்து:
அறுபதைக் கடந்த என் தந்தை, தீர்த்தமலைக் கோயிலுக்குப் படியேறும்போதெல்லாம் நெஞ்சை அழுத்துவதாகச் சொல்லிப் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார்; சற்று நேரத்தில் வலி அடங்கிவிடும் என்பதால் அதை வாயுத் தொல்லை என்றே நினைத்திருந்தார். ஓய்வில் எடுத்த ஈ.சி.ஜி.யில் குறை தென்படவில்லை. பின்னர் எடுத்த ஆஞ்சியோகிராமில் ஒரு தமனியில் 80 சதவீத அடைப்பு இருப்பது தெரிந்தது. அவ்வளவு அடைப்பு இருந்தும் உட்கார்ந்திருக்கையில் வலியே வராதது எப்படி?

தருமபுரியிலிருந்து:
உடலியங்கியல் கற்பிக்கும் எனக்கு இக்கேள்வி வகுப்பறையில் பழகியதே. உடல் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், இரத்தம் கொண்டுவரும் ஆக்ஸிஜனில் ஏறத்தாழக் கால் பங்குதான் ஓய்வில் செலவாகிறது. இதயத் தசையோ அப்போதே சுமார் 70 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவே தேவை கூடினால், கூடுதல் இரத்தத்தை வரவழைப்பதே அதற்குள்ள முதன்மையான வழி. ஆக்ஸிஜன் குறையும்போது தசைச் செல்களில் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் தரும் மூலக்கூறு சிதைந்து அடினோசின் உருவாகிறது. அது வெளியேறி நுண்தமனிகளின் சுவரைத் தளர்த்துவதால் அவை விரிகின்றன. இக்கருதுகோளை அமெரிக்க உடலியங்கியலாளர் ராபர்ட் பெர்ன் 1963-இல் முன்வைத்தார். நைட்ரிக் ஆக்சைடும், செல்சவ்விலுள்ள பொட்டாசியம் வழிகளும் இதில் பங்கேற்பதால், அடினோசினை மட்டும் எழுதும் மாணவருக்கு நான் முழு மதிப்பெண் தருவதில்லை. ஆரோக்கியமான இதயத்தில் இரத்த ஓட்டம் இவ்வாறு நான்கைந்து மடங்கு வரை உயரக்கூடும். (நுரையீரலில் நடப்பது நேர்மாறு: ஆக்ஸிஜன் குறைந்த பகுதியின் நாளங்கள் சுருங்கிவிடும்.)

உங்கள் தந்தைக்கு, அடைப்புக்கு அப்பாலுள்ள நுண்தமனிகள் ஓய்விலேயே விரிந்து பற்றாக்குறையை ஈடுகட்டி வந்திருக்கும். படியேறும்போது தேவை பெருகியும், அவற்றுக்கு மேலும் விரிய அதிக இடமில்லாததால் வலி எழுந்திருக்கிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து:
என் அத்தைக்குத் தமனியில் மிதமான அடைப்புதான் இருந்தது. ஆயினும் மாடிப்படி ஏறினாலே நெஞ்சு வலித்தது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 98 என்று காட்டியதால் ஆக்ஸிஜன் குறைவு என்ற எண்ணமே எங்களுக்கு எழவில்லை. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 6 கிராம் என்று வந்த பிறகே மருத்துவர் விளக்கினார்: இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனால் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைத்தான் அக்கருவி காட்டும், மொத்த ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதைக் காட்டாது. இரத்தம் சுமந்துவரும் ஆக்ஸிஜன் குறைவதால் இதயத்தின் நுண்தமனிகள் ஓய்விலேயே விரிந்துவிடுகின்றன; அதற்குமேல் விரியும் திறன் சுருங்கிவிடுகிறது. இரத்தசோகைக்குச் சிகிச்சை பெற்ற பின் அவருடைய வலி பெருமளவு குறைந்தது.